கல்விக்கு முந்திய பரீட்சை: ஓர் அறவியல் நோக்கு

கல்வி முந்தியதா, பரீட்சை முந்தியதா என்ற வினா, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து, விடை வெளிப்படையான ஒன்றாகவே தோன்றும். கற்றதைச் சோதிப்பதே பரீட்சை. ஆகவே கல்வியே முந்தியது என எவரும் கூறுவர். ஆயினும் இவ்வொழுங்கு தலைகீழாகிவிட்ட நிலையினை இலங்கையின் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலே இன்று காணலாம். இரசாயனவியலின் அடிப்படைகளைக் கற்று முடிப்பதற்கு முன்னரே, அப்பாடத்தில் மருத்துவ, பொறியியற் பீடங்களுக்கான அனுமதியைத் தீர்மானிக்கும் பரீட்சைக்கு மாணவர் தயாராகின்றனர். இது காலத்தின் தேவை என்பர் சிலர்; கல்வியின் வீழ்ச்சி என்பர் வேறு சிலர். இரு கூற்றுகளும் அவசரமானவை. இச்செயல் ஒழுக்கக் குறைபாடாகுமா, ஆகுமெனின் அக்குறை யாரைச் சாரும் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

பொதுவாகப் பேசுவதிலும் ஓர் ஊரைச் சார்ந்து பேசுவது விளக்கத்துக்கு உதவும். பதினான்காம் நூற்றாண்டிலே அரசிருக்கையாக விளங்கிய கம்பளை, இன்று கண்டி மாவட்டத்தின் தென்பகுதியில், மகாவலியின் கரையில் அமைந்த ஒரு வணிக நகரம். புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியும் நாவலப்பிட்டிக்குச் செல்லும் வீதியும் இங்கிருந்தே பிரிகின்றன. இவ்வீதிகளின் இருமருங்கிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் முதல் வாசல் இந்நகரமே. இரண்டாம் வாசல் கண்டி. கம்பளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் பேருந்து பேராதனையைக் கடந்தே செல்கின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தனியார் வகுப்புக்குச் செல்லும் மாணவன், தான் அடைய விரும்பும் பல்கலைக்கழகம் அமைந்த ஊரைக் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கடக்கிறான்.

அத்தகைய மாணவன் ஒருவனை உதாரணமாகக் கொள்ளலாம். தாய் கொழுந்து பறிப்பவள். சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன்னரே, அயலவர் சொற்கேட்டு, உயர்தர இரசாயனவியலுக்கான தனியார் வகுப்பில் அவனைச் சேர்த்துவிட்டாள். பாடசாலையில் உயர்தர வகுப்புத் தொடங்கி ஆசிரியர் அணுக்கட்டமைப்பினை விளக்கும்போது, தனியார் வகுப்பு சேதன இரசாயனத்துக்குச் சென்றுவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் பாடசாலை இரசாயனச் சமநிலையை அணுகுமுன்னரே, கடந்தகால வினாத்தாள்களிலுள்ள சமநிலை வினாக்களுக்கு அவன் விடை எழுதிப் பழகுகிறான். தாங்கற் கரைசலொன்றின் பீ.எச். பெறுமானத்தைக் கேட்டால் உரிய சமன்பாட்டிலே எண்களைப் பிரதியிட்டு மூன்று நிமிடத்தில் விடை தருவான். சிறிதளவு அமிலத்தைச் சேர்த்தும் அக்கரைசலின் பீ.எச். பெறுமானம் பெரிதும் மாறாதிருப்பது ஏன் என்று கேட்டால் மௌனியாகிறான். விடை சரியானது, ஆனால் அவ்விடை அவனுடையதன்று. இம்மாணவன் தவறிழைத்தவனா?

இவ்வினாவுக்கு விடைகாண, முதலில் அவன் எதிர்கொள்ளும் பரீட்சையின் இயல்பை அறிதல் வேண்டும். உயர்தர இரசாயனவியலின் முதற் பத்திரத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஐந்து விடைகளுள் ஒன்றைக் கண்மூடித் தெரிவுசெய்பவனுக்கும் சராசரியாகப் பத்து விடைகள் சரியாகும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதுமில்லை. செய்முறைப் பரீட்சை தனியாக நடத்தப்படுவதில்லை. செய்முறை அறிவும் எழுத்து வினாக்களின் வாயிலாகவே சோதிக்கப்படுகின்றது. நியமிப்பின் முடிவுப்புள்ளியிலே, அளவியிலிருந்து விழும் ஒரு துளி, பினோத்தலீன் சேர்ந்த நிறமற்ற கரைசலை இளஞ்சிவப்பாக்குவதைக் கண்ணாற் கண்டவனும், ‘இளஞ்சிவப்பு’ என்ற சொல்லை மாத்திரம் மனனஞ் செய்தவனும் ஒரே புள்ளியைப் பெறுகின்றனர். பரீட்சையின் இவ்வியல்பே, கற்குமுன் தேறுவதைச் சாத்தியமாக்குகின்றது.

அடுத்துக் கருதத்தக்கது வாய்ப்பின் அருமையாகும். பல்கலைக்கழக அனுமதியின் வரலாறு மலையகத்துக்கும் ஏனைய தமிழ்ப் பகுதிகளுக்கும் ஆறாத நினைவாகவே உள்ளது. 1971ஆம் ஆண்டு அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு குறைந்தபட்சப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. 1974இல் மாவட்டப் பங்கீட்டு முறை வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. இன்று விஞ்ஞானத்துறை இடங்களில் நாற்பது வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று, கண்டி அவ்வாறன்று. கம்பளையை அடுத்த கொத்மலை நுவரெலியா மாவட்டத்துக்குரியது. எனவே ஒரே மலைத்தொடரில், ஒரே தொழிலைச் செய்யும் இரு தாயரின் பிள்ளைகளுள் ஒருவன் சலுகைக்கு உரியவனாகவும், மற்றவன் கண்டி நகரத்துப் புகழ்பெற்ற கல்லூரிகளின் மாணவரோடு போட்டியிட வேண்டியவனாகவும் ஆகின்றனர். பல்கலைக்கழக அனுமதி கோரி மூன்று தடவைகள் மாத்திரமே பரீட்சைக்குத் தோற்றலாம் என்ற வரையறையும் உண்டு.

இந்நிலையில், “முதலிற் கற்க, பின்னர் பரீட்சையை எண்ணுக” என்ற அறிவுரை யாருக்குப் பொருந்தும்? ஆய்வுகூடமும், பயிற்றப்பட்ட ஆசிரியரும், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிக்கும் பாடசாலையும் உள்ள மாணவனுக்கு அது பொருந்தும். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. அவை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் சிலவே. இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையின் மாணவனை நோக்கி ஒழுங்காகக் கற்குமாறு கூறுவது, படகில்லாத் துறையில் நிற்பவனை நோக்கிப் படகு வரும்வரை பொறுத்திரு எனக் கூறுவதை ஒக்கும். காத்திருத்தலின் முடிவில் ஏதேனும் கிடைக்குமென்றாலன்றிக் காத்திருக்குமாறு பணித்தல் நீதியாகாது. இது மாணவன் சார்பில் கூறத்தக்க முதலாவது நியாயம், வலிமையான நியாயமுமாகும்.

எனினும் இந்நியாயம் முழுமையானதன்று. பரீட்சை எதன்பொருட்டு நடைபெறுகிறது என்பதை அது மறந்துவிடுகிறது. மருத்துவ பீடத்தின் ஓர் இடம் பரிசன்று. அது பிறருடைய உயிரின்மேல் அளிக்கப்படும் அதிகாரத்தின் தொடக்கம். மூல் என்ற எண்ணக்கருவை விளங்காமலே கணக்குகளைச் செய்து முடித்தவன், பின்னொருநாள் நோயாளி ஒருவரின் இரத்தத்திலுள்ள பொற்றாசியத்தின் அளவை இலீற்றருக்கு மில்லிமூல்களில் வாசிக்க நேரிடும். அது ஏறத்தாழ 3.5 இற்கும் 5 இற்கும் இடையில் இருத்தல் இயல்பு. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலை ஐதாக்காது விரைந்து நாளத்திற் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அவ்வாறே இரத்தத்தின் பீ.எச். பெறுமானம் 7.35 இற்கும் 7.45 இற்கும் இடையில் நிலைபெறுவது இருகாபனேற்றுத் தாங்கலினால். சுவாசம் தடைப்பட்டுக் காபனீரொட்சைட்டுச் சேரும்போது சமநிலை எத்திசையில் நகரும் என்பது வினாத்தாளில் நான்கு புள்ளிக்குரிய வினா. மருத்துவமனையிலோ அது ஒருவர் பிழைப்பதையும் இறப்பதையும் பற்றிய வினா. கம்பளை மாணவன் மௌனியான அதே இடம் இதுவாகும். அவன் பெறும் அறிவுக்கு அவன் மாத்திரம் உரியவனல்லன். அவனிடம் நாளை வரவிருக்கும் நோயாளிக்கும் அதில் உரிமையுண்டு. அந்நோயாளி தோட்டத்து லயத்திலிருந்தே வரக்கூடும் என்பதும் நினைக்கத்தக்கது.

தமிழில் மேலைமருத்துவம் கற்பித்த முன்னோடிகள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்கு மருத்துவம் போதித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை முதலிய துறைகளில் மாத்திரமன்றி, இரசாயனவியலிலும் தமிழ்நூல் வேண்டுமென அவர் கருதினார். அதன் பயனாகக் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. மருத்துவரைத் துரிதமாக உருவாக்க வேண்டிய தேவை அக்காலத்தில் இன்றைவிடக் குறைவாக இருக்கவில்லை. அவ்வாறிருந்தும் இரசாயனவியலைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழி தெரிவுசெய்யப்படவில்லை.

ஆக, மாணவனின் தேவையும் நோயாளியின் உரிமையும் முரண்படுவனபோலத் தோன்றுகின்றன. இம்முரணைத் தீர்ப்பதற்குச் சரியான விடைக்கும் அறிவுக்குமிடையிலான வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். பிளேற்றோவின் ‘மெனோ’ என்ற உரையாடலில் இவ்வேறுபாடு ஓர் எளிய உவமையால் விளக்கப்படுகின்றது. லரிசா நகருக்குச் செல்லும் வழியை நடந்து அறிந்தவனும், அறியாமலே சரியாக ஊகித்தவனும் பயணிகளை ஒருபோலவே அங்கு கொண்டுசேர்ப்பர். அவ்வாறாயின் அறிவுக்கு என்ன சிறப்பு? சரியான அபிப்பிராயம் ஓரிடத்தில் நில்லாது ஓடிவிடும். காரணத்தோடு பிணைக்கப்படும்போதே அது நிலைபெற்று அறிவாகும் என்று சோக்கிரதீசர் விடையிறுக்கிறார். வினாத்தாளை மாத்திரம் பயின்றவன் லரிசாவை ஊகித்தவன். வழி மாறாதவரை அவனுக்கும் அறிந்தவனுக்கும் வேறுபாடு தெரியாது. வழி மாறும்போது அவன் தன் பின்னால் வருவோரையும் சேர்த்தே வழிதவறச் செய்கிறான்.

இதனையொத்த எச்சரிக்கை பௌத்த மரபிலும் உண்டு. மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரம், போதனையின் பொருளை ஆராயாது, வாதத்தில் வெல்வதற்காகவே அதனைக் கற்போரை, பாம்பினை வாலிற் பற்றியவனுக்கு ஒப்பிடுகின்றது. கழுத்திற் பற்றியிருந்தால் கடித்திராத பாம்பு, வாலிற் பற்றியதால் திரும்பிக் கடிக்கிறது. குற்றம் பாம்பினதன்று; பற்றிய முறையினது. வாதத்தில் வெல்லுதல் என்பதன் இடத்தில் பரீட்சையில் வெல்லுதல் என்பதை வைத்து நோக்கின் உவமையின் பொருத்தம் விளங்கும்.

இவற்றிலிருந்து, பரீட்சைக்கான தயாரிப்புக் கல்விக்கு முந்துதல் எந்நிலையிலும் தவறு என முடிவு செய்யலாமா? அவ்வாறு செய்யலாகாது என்பதற்கும் ‘மெனோ’வே சான்றாகின்றது. அதே உரையாடலில், கேத்திரகணிதம் கற்றறியாத அடிமைச் சிறுவன் ஒருவனிடம், ஒரு சதுரத்தின் பரப்பளவை இரட்டிப்பதெவ்வாறு எனச் சோக்கிரதீசர் வினவுகிறார். கற்பித்தலுக்கு முன்னரே வினா எழுகின்றது. சிறுவன் பக்கத்தை இரட்டித்தால் போதும் என்கிறான், அது பிழை. மீண்டும் முயல்கிறான், அதுவும் பிழை. தனக்குத் தெரியாது என்பதை அவன் உணரும் கணமே கல்வியின் தொடக்கமாகக் காட்டப்படுகின்றது. அதன் பின்னரே மூலைவிட்டத்தின் மீது அமையும் சதுரமே விடை என்பதை அவன் காண்கிறான். எனவே வினா முந்துவது பிழையன்று. நல்லாசிரியர் கையில் அதுவே சிறந்த கற்பித்தல் முறையாகும். கடந்தகால வினாத்தாளைப் பாடம் தொடங்குமுன்னரே வாசிக்கும் மாணவன், தான் எதை அறியவில்லை என்பதை அறியவும் கூடும்.

அவ்வாறாயின் பிழை எங்குள்ளது? சிறுவனின் வினாவுக்கும் விடைக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. பிழைபட்டும், திகைத்தும், மீண்டும் நோக்கியும் அவன் அவ்விடைவெளியைக் கடந்தான். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், ஒலிபெருக்கி வாயிலாக நடைபெறும் வினாத்தாள் வகுப்பில், வினாவை வாசித்த மறுகணமே விடையும் தரப்படுகிறது. திகைப்பதற்கு நேரமில்லை, ஆகவே அறியாமை வெளிப்படுவதுமில்லை. விடை அங்கு வினாவை முடித்துவைக்கிறது. கற்றலைத் தொடக்கி வைக்கவில்லை. கல்வி முந்தியதா, பரீட்சை முந்தியதா என்பது உண்மையில் அறவியல் வினாவன்று. முந்திப் பெற்ற விடையைக் கற்பவன் எவ்வாறு கருதுகிறான் என்பதே அறவியல் வினா. அவ்விடையைக் கடனாகக் கொள்பவன் ஒருவன். சொத்தாகக் கொள்பவன் மற்றொருவன். முன்னவன் காரணத்தைப் பின்னர் தேடிச் சென்று கடனை அடைக்கிறான். பின்னவன் தேடுவதில்லை.

கடன் என்ற இக்கருத்து, பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கும் வழிகாட்டுகின்றது. அமெரிக்காவில் 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை, மருத்துவக் கல்விக்கு முன் இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் ஆகியவற்றைக் கல்லூரியிற் கற்றிருத்தல் வேண்டுமென வலியுறுத்தியது. இன்றும் அங்கு மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக நுழைவுத் தேர்வோடு அப்பாடநெறிகளிற் சித்தியெய்தியதையும் தனியாக எதிர்பார்க்கின்றன. ஆகவே சேதன இரசாயனத்தைக் கற்று முடிக்குமுன் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாமா என்று அந்நாட்டு மாணவர் கேட்கும்போது, அது விவேகத்தைப் பற்றிய வினாவே. முன்பின்னாக அமைந்தாலும் பாடத்தை அவர்கள் கற்றே தீரவேண்டும். இலங்கையிலோ அனுமதியைத் தீர்மானிப்பது ஒரே பரீட்சை. அதற்குமுன் விளங்காத பகுதியை அதன்பின் விளங்கிக்கொள்ளுமாறு எவரும் கேட்பதில்லை. ஆதலால் அங்கு விவேகத்தைப் பற்றியதாக இருப்பது இங்கு அறத்தைப் பற்றியதாகிவிடுகின்றது.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதனையே காட்டும். மேல்நிலைப் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடங்களைப் புறக்கணித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டும் நடத்தின. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானித்தமை இதற்குக் காரணம். 2017இல் நீட் தேர்வு வந்தபோது, அத்தேர்வு ஈராண்டுப் பாடங்களையும் தழுவியதால், கற்பிக்கப்படாத ஓராண்டின் சுமை மாணவர்மேல் விழுந்தது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு விதித்தது. 2025இல் அத்தேர்வு கைவிடப்பட்டது. அடித்தளத்தைத் தவிர்த்தவர்கள் பள்ளிகளை நடத்தியோர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். பரீட்சையை மாற்றுவதால் மாத்திரம் கல்வி மாறாது என்பதும், குறுக்குவழியை அமைத்தவன் ஒருவனாகவும் அதில் இடறுபவன் வேறொருவனாகவும் இருக்கலாம் என்பதும் இதனாற் பெறப்படும்.

எனவே பொறுப்பினைப் பகுத்து நோக்குதல் வேண்டும். ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் வழங்காத அரசு முதற் பொறுப்பாளி. பயிற்றப்பட்ட ஆசிரியராயிருந்தும், பாடசாலையில் மந்தமாகவும் தனியார் வகுப்பில் விரைவாகவும் ஒரே பாடத்தைக் கற்பிப்போர் உளராயின், அவர் குற்றம் மாணவனின் குற்றத்திலும் பெரிது. ஏனெனில் தாம் கொடுக்கக் கடமைப்பட்டதையே அவர் விலைப்படுத்துகிறார். விளங்காமலும் விடையளிக்கத்தக்க வினாக்களை அமைப்போர்க்கும் பங்குண்டு. மாணவனின் பொறுப்பு இவற்றிலும் சிறியது, ஆயினும் இல்லாததன்று. வறுமை அவனுடைய அவசரத்தை நியாயப்படுத்தும். அனுமதி கிடைத்த பின்னரும் அறியாமையிலேயே நிலைத்திருப்பதை அது நியாயப்படுத்தாது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். சிறந்த மருத்துவர் பலர் தாம் கற்ற இரசாயனவியலின் பெரும்பகுதியை மறந்தவரே. அவ்வாறாயின் கற்று மறந்தவனுக்கும் கல்லாதவனுக்கும் வேறுபாடு யாது? வேறுபாடு உண்டு. விளங்கிக் கற்றவன் விவரங்களை மறந்தாலும், ஒரு விடையைக் காரணமின்றி ஏற்கலாகாது என்ற பழக்கத்தை மறப்பதில்லை. தேவை நேரும்போது எங்கு சென்று எதைத் தேடவேண்டும் என்பதையும் அறிவான். விளங்காமற் சித்தியெய்தியவனுக்கோ, விளக்கமின்றியும் வெல்லலாம் என்பதே ஈராண்டுப் படிப்பின் பாடமாக எஞ்சுகின்றது. இரசாயனவியலின் இழப்பை ஈடுசெய்யலாம். இந்தப் பாடத்தை மறக்கச் செய்வது எளிதன்று.

பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கப்பட்டது. அத்தகைய பீடங்களின் தொடக்க ஆண்டுகளிற் கற்பிக்கப்படும் உயிரிரசாயனம், மாணவன் சமநிலையையும் தாங்கற் கரைசலையும் அறிந்தே வந்திருக்கிறான் என்ற எடுகோளின்மீது நடைபெறுகின்றது. கடனை அடைக்க வேண்டிய இடம் அதுவே. அறிந்ததுபோல இருந்துவிடாது, அறியேன் எனக் கூறும் துணிவு மாணவனுக்கு வேண்டும். அதனைக் கேட்டு இகழாது முதலிலிருந்து விளக்கும் பொறுமை விரிவுரையாளருக்கு வேண்டும். தோட்டப் பாடசாலையிலிருந்து வந்த மாணவனுக்கு இவ்விரண்டும் ஏனையோரிலும் மிகுதியாகத் தேவைப்படும். அவனுக்கு வழங்கப்படாதிருந்தது அறிவாற்றலன்று, ஆய்வுகூடமும் ஆசிரியருமே.

இரசாயனவியலைக் கற்று முடிக்குமுன் பரீட்சைக்குத் தயாராகும் கம்பளை மாணவன், ஆகவே, அச்செயலால் மாத்திரம் குற்றவாளியாகமாட்டான். அவனைக் கண்டிக்கும் உரிமை, அவனுக்கு முறையாகக் கற்பிக்க முயன்றவருக்கே உண்டு. ஆனால் அவன் பெற்ற சரியான விடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவன் இன்னும் கேட்காத ஒரு ‘ஏன்’ நிற்கின்றது. வாழ்நாளில் என்றேனும், நோயாளியின் படுக்கையருகே நிற்பதற்கு முன்னராயினும், அதனைக் கேட்டுத் தெளிவது அவன் கடமை. கேட்பதற்கு ஒருவரும் ஓரிடமும் அவனுக்கு இருக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை. இவ்விரண்டில் ஒன்று தவறினும் மற்றொன்று பயனளிக்காது.